லேமினேஷன் போட்ட கஞ்சா சீட்டு

“கஞ்சா எழுதித் தர மாட்டேன்னுட்டான் அந்த சித்தா டாக்டரு!”

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் உப்பளத்துக்காரி ஒருத்தி கத்தினாள். அவள் ஏதோ கஞ்சா விற்கிறவள் என்பது மாதிரி பாதிப் பேர் முறைத்தார்கள்.

“மாமாவோட கேன்சர் வலிக்கு போன மாசம் கஞ்சா மருந்து எழுதினாரேக்கா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“உப்புக்காத்துல நமுத்துடும்னு அந்தச் சீட்டை லேமினேஷன் பண்ணிட்டேன். இப்ப புது ரூலாம், அதே சீட்டுல மாசாமாசம் சீல் குத்தணுமாம். பிளாஸ்டிக்ல மை நிக்கலையாம்.”

“வேற சீட்டு எழுதினா கையி சுளுக்கிக்குமா?”

“பழசு இருக்கச்சொல்ல புதுசு தரக்கூடாதாம்.”

“த்தூ! மருந்து எத்தினி நாளைக்கு வரும்?”

“இன்னிக்கோட சரி. நாளைக்கு என் ஊட்டுக்காரரை ஆட்டோல ஏத்தினு போயி, அந்தாளு ரூம்லயே படுக்க வெச்சிடப் போறேன். அவரு வலியில கத்துறத அந்தாளே கேக்கட்டும்.”