விரிந்து கிடந்த பகுதி

தங்கை: பொறு, பொறு... விரல் லேசாப் பட்டதுக்கே பக்கம் எங்கயோ ஓடுதுக்கா.

அக்கா: எழுதிக்கிறேன். நீ சொல்லிட்டே போ.

தங்கை: எதை?

அக்கா: மனசுல தோணுறதையெல்லாம் சத்தமா. நான் வாயே திறக்க மாட்டேன். புது போன் பக்கத்தைச் சோதிக்கிறதுக்கு விதி அதுதான்.

தங்கை: நீ? வாயைத் திறக்காம? உங்க கலைக்களஞ்சியத்துல இதுக்கே ஒரு கட்டுரை போடலாமே!

அக்கா: கிண்டல் போதும். நாளைக்கு ஆபீஸ்ல முடிவைக் கொடுக்கணும். எழுத்து எப்படி இருக்கு?

தங்கை: பெருசா, நல்லா இருக்கு. படுத்துட்டே படிக்கலாம். ஆமா... வெறும் தலைப்பாத்தான் இருக்கு, உள்ள ஒண்ணையும் காணோம்?

அக்கா: மூடி வெச்சிருக்கோம். வேணுங்கிறதைத் தொட்டா விரியும். போன்ல மொத்தத்தையும் கொட்டினா பாதியிலயே ஓடிடறாங்க.

தங்கை: சரி, அடுத்து?

அக்கா: நாலாவது சோதனை... உனக்குப் பிடிச்ச ஒண்ணைத் தேடு. திமிங்கிலம், எரிமலை, எது வேணாலும்.

தங்கை: எது வேணாலும்?

அக்கா: ஆமாடி. என்ன தட்டுறே? சத்தமா சொல்லணும்.

தங்கை: ரத்தப் புற்றுநோய்.

அக்கா: ...அது எதுக்கு இப்போ? உனக்கு ரத்தசோகைன்னுதானே டாக்டர்...

தங்கை: டாக்டர் என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. நீதான் சொன்னே.

அக்கா: போனைக் கொடு.

தங்கை: சோதனை முடியலையே. நீ பேசக் கூடாது... அறிகுறிகள், மூடியிருக்கு. காரணங்கள், மூடியிருக்கு. சிகிச்சை, அதுவும். 'எத்தனை காலம் உயிர் வாழ்வார்கள்'... இது மட்டும் விரிஞ்சு கிடக்கு. ஏன்க்கா? ஏதாவது கோளாறா?

அக்கா: கோளாறு இல்லை. கடைசியா திறந்த பகுதியை அப்படியே வெச்சிருக்கும். திரும்ப வர்றவங்க தேடி அலையக் கூடாதுன்னு... நான்தான் சேர்த்தேன்.

தங்கை: இது உன் போன்.

அக்கா: ஆமா.

தங்கை: அன்னைக்கு டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டது மருந்துச் சீட்டுக்கு இல்லை.

அக்கா: எனக்குச் சொல்ல வாய் வரலைடி. தினமும் காலையில இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் எழுந்திருப்பேன். நீ சிரிச்சுக்கிட்டே வந்து காபி கேப்பே... எப்படிச் சொல்றது? நீ தாங்குவியோ மாட்டியோன்னு பயந்தேன்.

தங்கை: அழாதே. பேனாவை எடு, எழுதிக்கோ. இந்த வசதி ரொம்ப நல்லா இருக்கு. என் போன்லயும் சீக்கிரம் வர்ற மாதிரி பண்ணு.

அக்கா: உன் போன்லயா? உனக்கு எதுக்கு?

தங்கை: என் ரத்தப் பரிசோதனை முடிவு என் போனுக்கும் வந்துச்சுக்கா. நீ தாங்க மாட்டேன்னுதான் சொல்லலை. என் போன்ல இன்னும் பழைய பக்கம்தான்... பதினோரு நாளா, மேல இருந்து கீழ வரைக்கும் தள்ளித் தள்ளி, அதே இடத்தைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.