பாப்பாவிடம் கடன்

யட்டவத்த போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டு மனிதர், மடியில் தூங்கிய கைக்குழந்தையிடம், "தங்கம், அப்பாவுக்குக் கொஞ்சம் கடன் தர்றியா?" என்றார்.

பக்கத்திலிருந்த மனைவி சீறினாள். "பேர் வச்சன்னைக்கு எல்லாரும் அவ கையில வச்ச காசுங்க அது. தொடக் கூடாது."

"மிளகு வாங்கி வச்சா வெல ஏறும், புள்ள."

"போன தடவ வாங்கினது பூசணம் பூத்துச்சே! பேங்க்ல போடுங்க."

"அப்புறம் அவளுக்குப் பதினெட்டு வயசாகிற வரைக்கும் எடுக்க ஏலாதும்மா."

"அதுக்குத்தான் சொல்றேன். அவ எடுத்துருவான்னா நான் பயப்படுறேன்?"

அடிக்கடி எடுத்தே தீர்த்த என் சேமிப்புக் கணக்கின் நினைவு வரவே, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காதை மட்டும் திருப்பவில்லை.

அவர் குரல் தணிந்தது. "நேத்தே பேங்க்ல போட்டுட்டேன். எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல."

"அப்ப எதுக்கு இப்பக் கடன் கேட்டீங்க?"

"இனிமே கெடைக்காதுல்ல. தைரியமாக் கேக்கலாம்."