தோட்டாவுக்குள் காற்று

சுலைமானி டீயில் எலுமிச்சை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை இன்ஸ்பெக்டர் சார், முசஃபா பட்டறையில் நாங்கள் குடிப்பதைவிட இது நன்றாகவே இருக்கிறது. நான் வந்தது ஒரு சின்னத் திருத்தத்துக்காகத்தான். மெஹர்பானு அக்கா நான் சொல்வதை அப்படியே அரபியில் உங்களுக்குச் சொன்னால் போதும். நடுவில் நிறுத்த வேண்டாம், எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

யோகநாதன் அண்ணன் செத்ததற்குக் காரணம் தோட்டா நிரப்பிய மணிமாறனின், அதாவது என்னுடைய, கவனக்குறைவு என்று முடிவு செய்திருக்கிறீர்களாம். என் முதலாளி, அதாவது அர்பாப், சொன்னார். கொஞ்ச நாளில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அத்தோடு கலாஸ், முடிந்தது என்றார். நல்ல மனதோடுதான் செய்திருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சொல் சரியில்லை.

நான் திருத்தங்கல்காரன், சிவகாசிக்குப் பக்கம். கருமருந்தோடு புழங்குகிறவர்களில் எங்கள் ஊரில் இரண்டே வகை: கவனமானவன், மாலை போட்ட போட்டோவில் இருப்பவன். என் பத்து விரலையும் பார்த்துவிட்டுத்தான் அர்பாப் என்னை வேலைக்கு எடுத்தார். லைசென்ஸ் உள்ள பட்டறை, எல்லாம் சட்டப்படி. அவருக்குப் புதுத் துப்பாக்கிகள் பிடிக்காது. பாட்டன் காலத்து மாதிரியில், ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடுகிற பெரிய ரைஃபிள் வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு தான்சானியா போய்க் காட்டெருமை சுடுவார். துப்பாக்கியைச் செய்வது யாழ்ப்பாணத்து யோகநாதன் அண்ணன். அதற்குத் தோட்டா நிரப்புவது நான். சுடுகிறவர் அர்பாப். சாகிறது எருமை. எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது.

என் வேலையில் பெரிய விதி ஒன்றுதான். பித்தளைக் கூட்டுக்குள் மருந்துக்கும் ஈயக்குண்டுக்கும் நடுவில் காற்று இருக்கக் கூடாது. மருந்து குண்டைத் தொட்டுக்கொண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இடம் விட்டால் கருமருந்தை நம்ப முடியாது. முன்னால் போக வேண்டியது குழலைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் வரும்.

பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுத் துப்பாக்கியைச் செய்தவன்தான் முதலில் சுட வேண்டும், கன்னத்தைக் கட்டையில் வைத்து. செய்தவனுக்கே பயமென்றால் நான் எதற்கு வாங்க வேண்டும் என்பார் அர்பாப். சுடுவதற்கு முன் யோகநாதன் அண்ணன் தோட்டாவைக் காதோரம் பிடித்துக் குலுக்குவார். உள்ளே சரசரவென்று கேட்டால் இடம் விட்டிருக்கிறது என்று பொருள். என் தோட்டாவில் ஒருநாளும் கேட்டதில்லை. குலுக்கிவிட்டுத்தான் காதில் மூடியைப் போடுவார்.

இங்கே ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. அவருக்குக் காது போய்விட்டது.

பல வருஷம் வெடி கேட்ட காது. அறையில் அவருக்கு அடுத்த கட்டில் என்னுடையது. அவர் தலைமாட்டில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். அவர் தூங்குவார், நான் எழுந்து நிறுத்துவேன். நேருக்கு நேர் நின்று உரக்கப் பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பார். ஒருநாள் அவரே சொன்னார்.

"தம்பி, அர்பாப்புக்குத் தெரிஞ்சா என்னை அனுப்பிப் போடுவார். மகள் வதனா இப்பதான் கம்பஸுக்குப் போயிருக்கிறாள். நான் குலுக்கிறன், நீ பக்கத்தில நில். உனக்குச் சத்தம் கேட்டா தொப்பியத் தொடு. கேக்கேல்லயெண்டா தலையாட்டு."

"நம்ம போட்டதுல என்னண்ணே சத்தம் கேக்கப் போகுது?"

"தெரியும். எண்டாலும் ஆட்டு."

அன்றிலிருந்து அவருக்குக் காது நான்தான். குலுக்குவார், என் முகத்தைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன், சுடுவார். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. காட்டிக்கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

வேட்டைக்குப் போகும்போது அர்பாப் கூட ஒரு ஆளைக் கூட்டிப் போவார். எப்போதும் யோகநாதன் அண்ணன்தான். திரும்பி வந்ததும் போட்டோ காட்டுவார். எருமை படுத்திருக்கும், அர்பாப் அதன் கொம்பைப் பிடித்திருப்பார், அண்ணன் துப்பாக்கியோடு பக்கத்தில் நிற்பார்.

"உன்ர தோட்டாதான் மணி. ஒரே வெடி, ஆள் சரி," என்பார்.

என் தோட்டா எருமைக்குள் இருப்பதால் போட்டோவில் தெரியாது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பட்டாசு என்று கூப்பிட ஆரம்பித்ததும் அவர்தான். அர்பாப்புக்கு அது பிடித்துப்போய், அதையே இந்தியில் "யல்லா படாக்கா, ஜல்தி" என்று எல்லோர் முன்னாலும் கூப்பிடுவார். வெல்டர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிப்பதற்கு என்ன சார்.

இந்த வருஷம் அர்பாப் என்னிடம், "படாக்கா, இந்த முறை நீ வா" என்றார். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். என் மனைவி நாகஜோதி தெருவுக்கே சொல்லிவிட்டாள். ஒரு வாரம் கழித்து அர்பாப் மனதை மாற்றிக்கொண்டார். துப்பாக்கி மக்கர் பண்ணினால் சரிபார்க்கச் செய்தவன்தான் வேண்டும் என்று யோகநாதன் அண்ணன் சொன்னாராம். நியாயம்தான். அறையில் என்னைத் தேற்றவும் செய்தார்.

"பட்டாசுக்காரனுக்குக் காட்டில என்ன வேலை? தீபாவளிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுறன்."

நான்கூடச் சிரித்தேன்.

பிறகு யோசித்தேன். காட்டில் சத்தம் கேட்காத ஆள் எவ்வளவு ஆபத்து. எருமை பின்னால் வந்தால் அவருக்குத் தெரியாது, அர்பாப் உயிருக்கே கேடு. ஆனால் அர்பாப்பிடம் போய் இவருக்குக் காது கேட்காது என்று சொன்னால் அது துரோகம். வதனா படிப்பு என்ன ஆகும்? கூட இருந்தவன் வாயால் அந்தக் குடும்பம் கெடக் கூடாது. ஆகவே வாயைத் திறக்காமல் இதை முடிக்க வேண்டியிருந்தது.

புதுத் துப்பாக்கிக்கான முதல் தோட்டாவை நிரப்பினேன். நான் அதில் எதையும் கலக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை. கொஞ்சம் குறைத்தேன், அவ்வளவுதான். குண்டை மேலேயே நிற்கும்படி இறுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் என் மற்ற தோட்டாக்களைப் போலவே இருந்தது. சுத்தமான வேலை.

சுடுதளத்தில் நல்ல வெயில். காற்று இல்லை. அர்பாப் தூரத்தில் வண்டி நிழலில் நின்றார். யோகநாதன் அண்ணன் தோட்டாவை வாங்கி, காதோரம் வைத்துக் குலுக்கினார். வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குழல் பின்பக்கத்தில் கிழிந்தது. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை நான்தான் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். டாக்டர்கூடச் சொன்னார், நான் அழுத்தியிருக்காவிட்டால் அங்கேயே போயிருப்பார் என்று.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண்ணைச் சுற்றிக் கட்டு. மிச்சமிருந்த காதும் போய்விட்டது. நான் வந்திருப்பதைக் கையைத் தொட்டுத் தெரிந்துகொண்டார். தடவித் தடவி உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தார்.

"மணி, சத்தம் உனக்கும் கேக்கேல்லத்தானே?"

அவர் கைக்குள்ளேயே தலையாட்டினேன்.

"அப்ப சரி. நீ பயப்பிடாத. பொலிசிட்ட நானே கதைக்கிறன். உன்னில பிழையில்லை, கை தவறிப் போச்சுதெண்டு சொல்லுறன்."

சொல்லவும் செய்தார். செத்துப்போவதற்கு முன் அவர் உங்களிடம் சொன்னது அதுதான். அவர் பேச்சைக் கேட்டுத்தான் நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் என்மேல் வைத்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறது. அர்பாப் என் இடத்துக்கு வேறு ஆள் தேடுகிறார். பட்டறையில் எல்லோரும், பாவம் படாக்கா, கை தவறிவிட்டான் என்கிறார்கள். என் கை ஒருநாளும் தவறியதில்லை சார்.

நடந்ததைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் குலுக்கினார். டப்பாவில் அரிசி உருளுவது போல உள்ளே சரசரவென்று, எனக்குத் தெளிவாகக் கேட்டது. தொப்பி என் தலையில்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருக்குச் சந்தேகமோ என்னவோ, இன்னொரு முறை குலுக்கிவிட்டு மறுபடி பார்த்தார். மறுபடியும் ஆட்டினேன்.

இரண்டு முறை, சார். கவனமில்லாதவன் ஒரு முறைதான் ஆட்டியிருப்பான்.