பேதின்னு எழுது

மேடைக்குப் பின்னாடி 'மனநலம் காப்போம்'னு பெருசா பேனர் கட்டியிருக்கீங்க. சந்தோஷம். கட்டினவங்க மேல எனக்குக் கொஞ்சம் கோவமும் இருக்கு... அந்தச் சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன்.

நம்ம போக்குவரத்துக் கழகத்துல ஞானப்பிரகாசம்னு ஒரு பஸ் டிரைவர். இருபது வருஷ சர்வீஸ். பன்னெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்லை. காரணமே இல்லாம அழுகை வருது. மனநல டாக்டரைப் பார்க்கலாம்னு மூணு நாள் லீவு எழுதறாரு. காரணம்... 'மனசு சரியில்லை'.

டெப்போ மேனேஜர் படிச்சாரு. "ஏன்யா, இங்க யாருக்கு மனசு சரியா இருக்கு? எனக்கே சரியில்லை. இப்படி எழுதினா உன்னைப் பைத்தியம்னு சொல்லி வண்டியை விட்டே இறக்கிடுவாங்க. மாத்து. பேதின்னு எழுது."

அவரு கெட்ட மனுஷன் இல்லைங்க. நல்லது செய்யறதாத்தான் நினைச்சாரு. அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

பேதின்னு எழுதினாரு. அடுத்த நிமிஷம் கையெழுத்து விழுந்துது. ஆனா பேதிக்கு சர்டிபிகேட் கேப்பாங்களே? முதல் நாள் பூரா வயித்து டாக்டர் வாசல்ல வரிசை. அடுத்த ரெண்டு நாளும் டெப்போவே வீட்டுக்கு வந்துடுச்சு. ஒருத்தர் கையில இளநீர், ஒருத்தர் கையில மாதுளம்பழம். "எத்தனை தடவைண்ணே போச்சு?" இந்தப் பாசத்துக்கு நடுவுல அவரு மனநல டாக்டர்கிட்ட எப்பப் போறது?

நாலாம் நாள் டூட்டி. மேனேஜர் கேக்கறாரு, "என்னய்யா, நின்னுடுச்சா?"

"நிக்கலை சார்."

"மோர் குடி. வண்டியை எடு."

எது நிக்கலைன்னு சொன்னாரு அந்த மனுஷன்? அழுகைங்க... அழுகை நிக்கலை.

எடுத்தாரு. உள்ள அம்பது பேர். பாதி வழியில ஓரங்கட்டி, இன்ஜினை அணைச்சுட்டு, கீழ இறங்கி உட்கார்ந்துட்டாரு. ஜன்னல் வழியாத் திட்டறாங்க, "யோவ், வேலைக்குப் போக வேணாமா?" கண்டக்டர் ராஜாமணி ஓடி வந்தாரு. "அண்ணே, வயிறா?"

"வயிறு இல்லைடா தம்பி... எதிர்ல லாரி வருது, பிரேக்கை மிதிக்கணும்னே எனக்குத் தோணலை. பயந்துட்டேன். அதான் நிறுத்திட்டேன்."

உள்ள இருந்தவங்களை அடுத்த பஸ்ல ஏத்தி விட்டுட்டு, ராஜாமணி அவரு கையைப் பிடிச்சு நேரா மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. மாத்திரை, பேச்சு, ஆறு மாசம். இப்ப நல்லா ஓட்டறாரு.

சொல்லுங்க, அந்த அம்பது பேரைக் காப்பாத்தினது யாரு? டெப்போவா? மேனேஜரா? சுகமில்லாத அந்த மனுஷனே தனியா காப்பாத்தினாரு. அடுத்த ஆளுக்கு அந்தத் தெம்பு இருக்கும்னு எதை நம்பி உட்கார்ந்திருக்கோம்?

பொய் சொன்னா லீவு, நிஜம் சொன்னா பைத்தியம்... இப்படி வெச்சா எவன்யா நம்மகிட்ட நிஜம் சொல்லுவான்? முன்வரிசையில இருக்கற அதிகாரிகளைக் கேக்கறேன். நாளைக்கு ஒருத்தர் 'மனசு சரியில்லை'ன்னு எழுதி நீட்டினா, திருத்தச் சொல்லிப் பேனாவை அவர் கையில கொடுக்காதீங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க.