இரண்டு சாவிகளும் என்னிடம்தான் இருந்தன

“இத்தனை வருஷமா ஒண்ணுமே நடக்கலியே, அப்புறம் நீங்க எதுக்கும்மா?” என்று அந்த மேடம் என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஐயா. டீயை ஆற்றிக்கொண்டே, அடுத்த வீட்டில் நலம் விசாரிப்பதுபோலக் கேட்டார். நிதி கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து வந்தவர். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் தூக்கி உட்காரவைக்க ஒரு இயந்திரம். இரண்டு பெரிய கைகள், உள்ளங்கையில் பஞ்சு வைத்துத் தைத்த தோல். அதைச் செய்வது ஒரு நிறுவனம். அது யாரையும் நசுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் நிறுவனம். புதிய கருவிகள் பொறுப்போடு வளரவேண்டும் என்பதற்காகவே அறக்கட்டளை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பணம் கொடுத்தது.

இயந்திரத்துக்கு இரண்டு நிலைகள். ‘ஆள்’ என்று வைத்தால், உடம்பு பட்டதும் கை இளகும். ‘பொம்மை’ என்று வைத்தால் முழுப் பலத்தையும் காட்டும். மணல் அடைத்த பொம்மையைப் படுக்கவைத்து, எதுவரை தாங்குகிறது என்று பார்ப்போம். நிலையை மாற்ற அவர்கள் சாவி ஒன்றும் எங்கள் சாவி ஒன்றும் சேர்ந்து திரும்பவேண்டும். அறக்கட்டளை போட்ட நிபந்தனைகளில் அதுதான் தலையானது. தனியாக யாரும் தன்னிஷ்டத்துக்கு மாற்றக்கூடாது.

அவர்கள் சாவி என் தங்கை புருஷனிடம் இருந்தது. அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளே நான்தான். நல்ல மனிதர். மறதிதான் அதிகம். சாவியை வேறு சட்டையில் விட்டுவிட்டு வந்து வாசலில் தலையைச் சொறிவார். ஒருநாள் அலுத்துப்போய், “உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா. ரெண்டும் ஒரே வீட்டுச் சாவிதானே” என்று என் கையில் திணித்தார். அதன்பிறகு இரண்டும் என் வளையத்தில் தொங்கின. யாரும் கேட்கவில்லை. சொந்தத்துக்குள் யார் ரசீது கேட்கிறார்கள்?

சிவப்புப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என் வேலை. ஏதாவது தப்பாகப் போனால் அழுத்தவேண்டும். எனக்கு ‘பிரேக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மேடம் கேட்டதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். “எங்கக்காவப் பத்திக் கவலைப்படாதீங்க மேடம். அந்த நாற்காலியில ஒரு செங்கல்ல தூக்கி வெச்சாலும் இதே வேலையத்தான் பாக்கும். என்ன, செங்கல் டீ கேக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். மேடம்கூட. மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன்.

அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. காவல்காரன் விழித்திருந்தால் திருட்டு நடக்காது. திருட்டு நடக்காவிட்டால் காவல்காரன் எதற்கு என்பார்கள். எங்கள் பங்கு நிதியை நிறுத்துவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இயந்திரம் மட்டும் மருத்துவமனைகளுக்குப் போகும். எத்தனை அறிக்கை கொடுத்தாலும் படிக்கமாட்டார்கள். சுட்டால்தான் நெருப்பு என்று தெரிகிற ஜனம். ஒரு உயிர் போனால் ஓராயிரம் உயிர் பிழைக்கும் என்றால், அந்தக் கணக்கை யாராவது போடத்தான் வேண்டும்.

அந்நியர் யாரையாவது படுக்கவைத்திருக்கலாம். ஊரான் பிள்ளையை எடுப்பது நியாயமா? எங்கள் வீட்டிலிருந்தே கொடுத்தேன்.

மறுநாள் மேடம் முன்னால் ஓட்டிக் காட்டவேண்டும். காலையில் முதல் ஆளாகப் போய் இரண்டு சாவிகளையும் திருப்பினேன். எப்போதும் மாப்பிள்ளைதான் படுப்பார். அந்தக் கைகளில் தூங்கியே போய்விடுவார். அன்றும் கண்ணை மூடிக்கொண்டு, “மெதுவா எழுப்புங்க அக்கா, ராத்திரி தூக்கமே இல்ல” என்றார்.

கைகள் அடியில் போய், மார்பைச் சுற்றி மூடின. இளகவில்லை. பிரம்பு நாற்காலியில் கனமான ஆள் உட்கார்ந்தால் வருமே, அப்படியொரு சத்தம் முதலில் வந்தது. பிறகு அதைவிடத் தெளிவாக ஒன்று. அவர் விழித்துக்கொண்டார். கத்துவதற்கு மூச்சு இல்லை. இயந்திரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தார். அது பொத்தானின் மேல்தான் இருந்தது. நான் வேலையில் குறை வைத்ததில்லை. அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

மின்சாரத்தை நிறுத்த இயந்திரக்காரர் ஒருவர் ஓடிவந்தார். சுவிட்சுக்குப் போகும் வழியில் என் நாற்காலி இருந்தது. நான் எழுந்துகொள்ளவில்லை. அவர் என்னைத் தாண்டி ஏறிக் குதிப்பதற்குள் விலா எலும்புகள் சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. வாயிலிருந்து வந்த ரத்தம் மேடத்தின் செருப்புவரை ஓடியது. பொம்மை கிழிந்தால் மணல்தான் கொட்டும். கூட்டி அள்ளிவிடலாம்.

நிதியை நிறுத்தவில்லை. கூட்டிக் கொடுத்தார்கள். இன்னும் பல நிறுவனங்கள் சேர்ந்திருக்கின்றன. விசாரணைக் குழு, இயந்திரத்தில் கோளாறு என்று எழுதியது. அதைப் படித்த பிறகுதான் நானாகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன். இயந்திரத்தின் மேல் தப்பில்லை. பொய்யான முடிவின் மேல் ஆராய்ச்சி நிற்கக்கூடாது.

இன்று காலை என் தங்கை பார்க்க வந்தாள். இதே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். உங்களுக்குச் சொன்னதுபோலவே அவளுக்கும் வரிசையாகச் சொன்னேன். புதிய நிதிக்கு அவர் பெயரையே வைக்கப்போகிறார்களாம், வீட்டுக்குப் பெருமைதானே என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கடைசியில், “செங்கல் டீ கேக்காதுன்னு சொன்னாருடி. யாரு மொதல்ல சிரிச்சா, யாரு கடைசியில நிறுத்தினாங்கன்னு இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு” என்றேன். மாப்பிள்ளை எப்படிக் கண்ணடித்தார் என்பதையும் அவளுக்குச் செய்து காட்டினேன்.

அவள் எழுந்தாள். நாற்காலியை மேசைக்கடியில் சத்தமில்லாமல் தள்ளினாள். போய்விட்டாள்.