தினம் ஒரு சுவரொட்டி

பெரியார் நிலையத்திலிருந்து அவனியாபுரம் போகும் ஷேர் ஆட்டோ. மடியில் கறிக்கடைப் பையை வைத்திருந்த பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

“நாலு வேளையும் நல்லாத் திங்குறாரு மதினி. அப்படியும் எங்க வீட்டுக்காரரு பட்டினியிலதான் சாகுறாரு.”

“என்னத்தா சொல்ற?”

“ஆபரேசன்ல சிறுகுடல முக்காவாசி வெட்டி எடுத்துட்டாக. சோத்துல உள்ள சத்த உறிஞ்சி ரத்தத்துல சேக்குறதே அந்தக் குடல்தானாம். இப்ப திங்கிறதெல்லாம் அப்படியே வெளிய போயிருது.”

“ட்ரிப்ஸ்ல ஏத்த முடியாதா?”

“ஏத்திப் பாத்தாக. குழாய் போட்ட எடமெல்லாம் சீழ் புடிச்சிருச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாக.”

ஆட்டோ வில்லாபுரத்தில் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பிறகு மதினி, ஆட்டு மண்ணீரல் இருந்த அந்தப் பையைத் தொட்டாள்.

“ரத்தம் ஊறும்னு தெனம் சுவரொட்டி வாங்கிட்டுப் போறியே, அது மட்டும் ஒடம்புல சேருமா?”

“சேராது.”

“பெறகு எதுக்குத்தா?”

“அவருகிட்ட யாரும் சொல்லல மதினி. ரத்தம் ஊறுனதும் வேலைக்குப் போறேங்காரு. இன்னைக்கு நான் வெறுங்கையோட போய் நின்னா, அவருக்குத் தெரிஞ்சிரும்.”