பேர் சொல்லாத மருமகள்

இந்த டீயில் உப்புப் போட மறந்துவிட்டார்கள். பரவாயில்லை, சூடாக இருக்கிறது, குடிக்கிறேன். எங்கள் நரின் மலையூர்ப் பக்கத்தில் பால் டீ என்றால் உப்பு வேண்டும். அத்தைக்குக் கொஞ்சம் தூக்கலாகவே வேண்டும்.

கேட்டதற்கு வருகிறேன். அத்தை என் வீட்டுக்காரரின் அம்மா. நான் நர்ஸ். அவர் படுத்திருந்தது என் வார்டில். நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?

போன குளிரில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்த என் வீட்டுக்காரர் மூட்டையோடு வந்து இறங்கினார். விறகு பிளந்தார், தொழுவத்துக் கூரையைச் சரி செய்தார். எங்கள் மகள் அப்பா மடியை விட்டு இறங்கவில்லை. அங்கே அவருக்கு இன்னொரு அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியும். போனில் அவள் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். சண்டை போடவில்லை. சண்டை போட்டு எந்த ஆம்பளை வீடு தங்கியிருக்கிறான்?

வீட்டில் வைத்துப் பார்த்தேன். அத்தை தேறினார். என் கைராசி என்றார்கள். தடியூன்றித் தொழுவம் வரை நடந்த மறுநாளே இவர் மாஸ்கோவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். பிரஷரை இறக்கும் மாத்திரையை அன்றைக்கு டீயில் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். உப்பில் கசப்புத் தெரியாது. அத்தை வாசலிலேயே சரிந்தார். டிக்கெட் அடுப்பில் போனது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

அங்கே மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இன்னொரு நர்ஸ் பக்கத்தில் நின்று பார்ப்பாள். தலைமை நர்ஸ் ஜிபார் அக்கா கண்டிப்பானவர்.

"ஏண்டி, பேரைச் சொல்லிட்டுக் குடு."

"மாமியார் பேரை எப்பிடிக்கா சொல்றது? நாக்கு வெந்துடாதா?"

"அடிப்பாவி, இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மருமகளா? எனக்கும் ஒருத்தி வந்திருக்காளே, என்னையே பேர் சொல்லித்தான் கூப்பிடுறா. சரி போ, உன் மாமியாரு, உன் பாடு. நான் வந்து நிக்கல."

அந்தக் கட்டில் பக்கம் அதன் பிறகு யாரும் வரவில்லை. அத்தை கொஞ்சம் தெளிவார், இவர் பெட்டியைத் தேடுவார், அத்தை மறுபடி படுப்பார். இப்படியே ஓடியது.

ஒருநாள் இவர் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்.

"நான் படுத்தாத்தான் இந்தக் கழுதை வீட்டுல இருக்கான், பாத்தியா?"

அவரே சொல்லிவிட்டார். அப்புறம் நான் செய்ததெல்லாம் அவர் விருப்பப்படிதான்.

என் தம்பி கல்யாணத்துக்கு லீவில் போனேன். ஜிபார் அக்கா பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தால் அத்தை எழுந்து உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருக்கிறார்.

"நீ இல்லாதப்ப எனக்கு நல்லா இருக்கு, பொண்ணே," என்றார். என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த டீக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"திங்கக்கெழம அம்மாவ வீட்டுல விட்டுட்டுக் கிளம்புறேன்," என்றார் இவர்.

சாயங்காலம் டீ கொண்டு போனேன். எப்போதையும்விடக் கூடப் போட்டிருந்தேன். அத்தை வாயை இறுக மூடிக்கொண்டார். நோயாளிகள் அடம் பிடிப்பது எங்களுக்குப் புதிதில்லை. கன்னத்தை அழுத்தித் திறந்து கிண்ணம் காலியாகும் வரை ஊற்றினேன். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி தளரும் வரை நான் எழுந்திருக்கவில்லை. பெற்ற மகள்கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டாள்.

முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டோம். இவர் அதன் வாசலில் எங்கள் வழக்கப்படி தடியூன்றி நின்று ஊர் கேட்க அழுதார். நாற்பதாம் நாள் படையல் முடியும் வரை மகன் எங்கும் போகக்கூடாது. போகவில்லை. அதற்குள் ஜிபார் அக்கா மாத்திரை அலமாரியில் கணக்குக் குறைவதைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் உள்ளே இருந்தால் மகளைப் பார்க்க ஆள் வேண்டும். இனி இவர் எங்கே போவார்?

எழுதியதெல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். இறந்தவர் பேரை மட்டும் என் வாயால் கேட்காதீர்கள், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சொன்னதில்லை. அவருக்கு ஒரு மரியாதைக் குறைவும் நான் செய்ததில்லை.